இரண்டாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

புவான், வாசலில் நிற்கும் சாம்பல் நிறக் கார் உங்களுடையதுதானே. நீங்கள் இந்தப் போலீஸ் பாலாய்க்குள் ஓட்டி வரும்போது கவனித்தேன். வேகத்தடையில் ஏறி இறங்குகையில் முன் இடது பக்கம் ஒரு முனகல் கேட்கிறது, பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுப்பது போல. பயப்பட ஒன்றுமில்லை. சின்ன ரப்பர் ஒன்று தேய்ந்திருக்கும். ஒரு மணி நேர வேலை. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். ரப்பர் முழுக்கப் போய்விட்டால் இரும்பும் இரும்பும் உரச ஆரம்பிக்கும்.

நாற்காலி வேண்டாம். நின்றபடியே சொல்கிறேன்.

நீங்கள் தமிழ் பேசுவது எனக்கு நல்லதாய்ப் போயிற்று. மலாயில் எனக்கு வண்டிகளைப் பற்றிச் சொல்ல வரும், மனிதர்களைப் பற்றிச் சொல்ல வராது.

என்னை யாரும் அழைக்கவில்லை. சிம்பாங் பூலாயிலிருந்து பஸ் பிடித்து நானாகத்தான் வந்தேன். மகேந்திரன் இறந்துபோன விபத்தைப் பற்றிப் பொறியாளர் ஒருவர் எழுதிய அறிக்கை உங்களிடம் இருக்கிறது. அதன் நகலை, நீங்கள் வழக்குப் போட்டிருக்கும் ஜாகிரின் வழக்கறிஞர் போன வாரம் என் பட்டறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று பக்கம். முதல் பக்கம் ஜாகிரைப் பற்றியது. இரண்டாம் பக்கம் என்னைப் பற்றியது. என் பெயர் அதில் இல்லை, ‘பொருத்தியவர்’ என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த வண்டிக்கு ஒன்பது வருடமாகச் சாமான் பொருத்தியவர் யார் என்பது ஈப்போவிலிருந்து பீடோர் வரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். முதல் பக்கத்திலும் பிழை உண்டு. அதையும் சொல்கிறேன், ஆனால் எதையும் வரிசையாகத்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் பெயர் பத்துமலை. வயது ஐம்பத்தாறு. கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் இருபத்திரண்டு வருடமாக வண்டி பழுது பார்க்கும் போமன் வேலை செய்கிறேன். சாதாரண கார்களை நான் தொடுவது குறைவு. ஃபோர்வீல் வண்டிகளை உயர்த்திக் கட்டுவதுதான் என் தொழில். பழைய தோட்டங்களின் சேற்றிலும் ஓடையிலும் இறங்க விரும்புகிறவர்கள் வண்டியைத் தரையிலிருந்து நாலு விரற்கடை, ஆறு விரற்கடை தூக்கச் சொல்வார்கள். தூக்கினால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள் எல்லாம் தமக்குப் பழக்கமில்லாத கோணத்தில் தொங்க ஆரம்பிக்கும். அதனால் மூட்டுகளும் ரப்பர்களும் சீக்கிரம் தேயும். தேய்ந்ததை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உயர்த்தியவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவே அது முடிவே இல்லாத ஒரு உறவு.

மகேந்திரன் ஈப்போவில் ஏர்கான் பொருத்துகிறவன். வாரத்தில் ஆறு நாள் பிறர் வீட்டுச் சுவரில் ஏணி சாய்த்து நிற்பான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சேறு வேண்டும். அவன் வண்டியை முதன்முதலில் உயர்த்தியது நான். அதன்பின் அதில் ஒரு திருகாணியை இன்னொருவர் தொட்டதில்லை, அல்லது தொட்டதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பீடோருக்கு உள்ளே, ரப்பர்ப் பால் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களில் நாங்கள் இருவரும் சுற்றுவோம். அவன் ஓட்டுவான். நான் இடது பக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். “தூங்குறீங்களாண்ணே?” என்று சீண்டுவான். தூங்குவதில்லை, கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த மூட்டு எந்தப் பள்ளத்தில் என்ன சொல்கிறது என்று கண்ணைத் திறக்காமலே அவனுக்குச் சொல்வேன். இறங்கிப் பார்த்தால் அது அப்படியே இருக்கும். கடந்த இரண்டு வருடமாக நான் போகவில்லை. வேலை அதிகம்.

ஞாயிறு மத்தியானம் மட்டும் அவன் வீட்டில் சாப்பாடு. அது நிற்கவில்லை. அவன் மனைவி சாந்தினி என்னை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். சோறு போடும்போதே வம்புக்கு இழுப்பாள். நான் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் மஞ்சள் கோடு போடுவேன். அதை வைத்து ஒருநாள், “எனக்கு வச்ச பொட்டவிட அந்த வண்டிக்கு வச்ச பொட்டுதாண்ணே அதிகம், அதயே இவரு கட்டிக்கிட்டிருக்கலாம்” என்றாள். மகேந்திரன் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டான். எனக்கு அது ரொம்பப் பிடித்த நாள்.

அந்தக் கோட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். நட் துளி திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். இதை நான் இறுக்கினேன், இதற்கு நான் பொறுப்பு என்று அந்தக் கோட்டுக்குப் பொருள். பேராக் மாநிலத்தில் உயர்த்திய வண்டி பார்க்கிற போமன் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருப்போம். ஆளுக்கொரு நிறம். மஞ்சள் என்னுடையது. ஈப்போவில் ஜாகிருடையது வெள்ளை.

ரப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இரண்டாம் பக்கம் முழுக்க அதுதான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியின் உடம்போடு சேருமிடத்தில் ஒரு தடித்த ரப்பர் இருக்கும். நாங்கள் புஷ் என்போம். அதன் நடுவே போல்ட் போகும். வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே அந்தப் போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் கை மேலே எழும்பும், ரப்பரோ பழைய இடத்திலேயே பிடிபட்டுக் கிடக்கும். யாரோ உங்கள் மணிக்கட்டைத் திருகிப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்வது மாதிரி. அந்த முறுக்கிலேயே அது கிழிந்துபோகும். அதனால் வண்டியை இறக்கி, நாலு சக்கரத்தில் அதன் முழு எடையோடு நிற்க வைத்து, போமன் தரையில் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்து போய் இறுக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு இந்த விதியைச் சொன்னவன் நான். ஜாகிர் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தேநீர்க் கடையில் வைத்து அவனுக்கே சொல்லியிருக்கிறேன்.

மகேந்திரன் வண்டிக்குக் கீழ்க்கை ரப்பர்களை மாற்றினேன். ஐந்து மாதத்தில் கிழிந்துவிட்டது. மறுபடியும் மாற்றினேன். அதுவும் ஐந்தே மாதம். இப்போது வருகிற ரப்பர் அப்படி. என் அப்பாவும் அம்மாவும் பால் மரம் சீவியவர்கள், ரப்பரைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றாவது முறை மாற்றியது பதினோரு மாதம் நின்றது. உயர்த்திய வண்டிக்கு, அந்தச் சேற்றுக்கு, அது பெரிய விஷயம். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஞாயிறு சாப்பாட்டில் பல தடவை சொல்லியிருப்பேன். “பதினோரு மாசம்லா. கை அப்படி” என்பேன். மகேந்திரன் எதிரே உட்கார்ந்து, “ஆமாண்ணே” என்று தலையாட்டுவான்.

அந்தத் தலையாட்டலை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் புவான்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை அவன் வண்டியை என்னிடம் விட்டுப் போனான். முன்பக்கம் தளர்ந்து கிடந்தது. மேல்கைகளின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டுகள் இரண்டையும், கீழ்க்கை ரப்பர்கள் நான்கையும் மாற்ற வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை லிஃப்ட்டில் தூக்கினேன். அடியில் தோட்டத்துச் செம்மண் கை தடிமனுக்கு ஒட்டியிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். மண் கரைந்து விழ விழப் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

நான்கு போல்ட். நான்கிலும் என் மஞ்சள் கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகி நின்றது. அதற்குக் கொஞ்சம் தள்ளி நேராக, சுத்தமாக, ஒரு வெள்ளைக் கோடு.

வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் தெரியாத ஒரு ஜோடிச் செருப்பைப் பார்ப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. அன்றைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரை நிறுத்தினேன். அடுப்பில் பால் கலக்காத தெ ஓ கொதித்துக்கொண்டிருந்தது. அதை ஊற்றிக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு மறுபடியும் வந்து அடியில் நின்று பார்த்தேன், அவை அங்கேயே இருந்தன.

ஜாகிரின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவனிடம் வண்டி வந்தது, பார்த்தான். அவன் நல்ல போமன். கோடு எவ்வளவு நேராக இருந்தது என்று சொன்னேனே. என் நினைவெல்லாம் மகேந்திரனைச் சுற்றியே இருந்தது. பதினோரு மாத ஞாயிற்றுக்கிழமைகள். நாற்பதுக்கு மேல் வரும். ஒவ்வொன்றிலும் நான் என் கையைப் பற்றிப் பேசியபோது அவன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டியிருக்கிறான். சாந்தினி எனக்குச் சோற்றைப் போட்டபடி அவனை ஒரு பார்வை பார்த்திருப்பாள். அந்தப் பார்வையைக்கூட நான் அன்று நினைவுபடுத்திக் கண்டுபிடித்தேன். வேலை பிடிக்காவிட்டால் சொல்லியிருக்கலாம். அல்லது வண்டியை ஒரேயடியாக ஜாகிரிடமே கொண்டுபோயிருக்கலாம். என்னிடம் வந்து, என்னைச் செய்யவிட்டு, அதற்கப்புறம் அங்கே போனான்.

அவனிடம் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நானும் யோசித்தேன். கேட்டால் அவன் பதில் சொல்லியிருப்பான்.

அதனால் வேலையைப் பார்த்தேன். பழைய ரப்பர்களைத் தட்டி எடுத்துப் புதியவற்றை ஏற்றினேன், நான்கு போல்ட்டையும் இறுக்கி மஞ்சள் கோடு போட்டேன். வலது மேல்மூட்டையும் முடித்தேன். பழைய சாமான்களைப் புதுச் சாமான் வந்த அட்டைப் பெட்டியில் வைத்து வண்டியின் பின்தட்டில் ஏற்றினேன். உண்மையாகவே மாற்றினோம் என்பதற்கு அத்தாட்சியாக அதைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். சனிக்கிழமை காலை கடைத்தெருவுக்கு நடந்து போய் வெள்ளைப் பெயின்ட் பேனா ஒன்று வாங்கினேன். வந்து வண்டியை லிஃப்ட்டிலிருந்து இறக்கினேன். மிச்சம் இருந்தது இடது மேல்மூட்டு ஒன்றுதான். அதை நான் தரையில் படுத்துச் செய்தேன். பட்டறை வாசலில் போகிறவர்கள் கண்ணில் அது படக்கூடாது. கீழே படுத்தால் சக்கரம் மறைத்துக்கொள்ளும்.

அந்த மூட்டின் நட் கழன்றுவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்ன இரும்புப் பின் போட்டு மடக்கிவிடுவோம். நட்டை விரலால் திருகி நிறுத்தினேன். பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நட்டின்மேல் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்தேன். ஜாகிரின் கோட்டைப் போல நேராக வருவதற்கு மணிக்கட்டைத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் இன்னும் கீழேதான் இருந்தேன், மகேந்திரனின் செருப்புகள் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அடுத்து அவன் முட்டிகள், அப்புறம் தலைகீழாக அவன் முகம்.

“அண்ணே, என்னாண்ணே இது. தரையிலயா படுத்திருக்கீங்க?”

“வேலைன்னா படுக்கணும்லா” என்றேன்.

“முதுகு?”

“முதுகுக்கு என்னா. நல்லாத்தான் இருக்கு.”

அவன் உடனே எழுந்துவிடவில்லை. குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? பரீட்சையில் தேறிய பிள்ளையின் தகப்பனைப் பார்த்திருக்கிறீர்களா, அப்படி இருந்தது. “இப்பத்தாண்ணே மனசு லேசா இருக்கு” என்றான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு கையையும் நீட்டி என்னைத் தூக்கி நிறுத்தினான். என் முதுகில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

சாந்தினியின் தங்கை கேமரன் மலைமேல் கம்போங் ராஜாவில் பிள்ளை பெற்றிருந்தாள். மறுநாள் இரண்டு பேரும் பார்க்கப் போவதாகச் சொன்னான். சாப்பாடு இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு சேர்த்துச் சாப்பிடுங்கள் என்றான். மேலேயிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டான்.

ஒரு முட்டைக்கோஸ் போதும் என்றேன்.

அவன் வண்டியில் யார் உட்கார்கிறார்கள் என்பது அவன் குடும்ப விஷயம். அதில் நான் தலையிட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மாலை நான்கு மணிக்கு மழையில் இறங்கி வரும்போது, ஒரு வளைவில் இடது முன்சக்கரம் மடங்கிச் சாய்ந்திருக்கிறது. வண்டி தடுப்பைத் தாண்டிப் போய்விட்டது. மகேந்திரன் அங்கேயே. சாந்தினிக்கு இடுப்பும் தொடையும் உடைந்தன. மூன்றாம் பக்கத்தில் வண்டிக்குள் கிடைத்த பொருள்களின் பட்டியல் இருக்கிறது, படித்திருப்பீர்கள். பழைய சாமான் பெட்டி ஒன்று. குழந்தைக்கு வாங்கிய பொம்மையின் காலி உறை ஒன்று. முட்டைக்கோஸ் ஒன்று.

ஜாகிரைக் கூட்டிப் போய் விசாரித்தார்கள். போன வருடம் அந்த வண்டியைப் பார்த்தது உண்மை, இந்த முறை தன்னிடம் வரவே இல்லை என்று சொன்னான். ஆனால் நட் கழன்றுபோன மூட்டில் அவன் நிறத்தில் பாதிக் கோடு மிஞ்சியிருந்தது. ஒரு கோட்டை எல்லோரும் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அப்போதுதான் கண்டேன். அவன் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினான். அடுத்த மாதம் வழக்கு. மூன்று மாதமாக நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சாந்தினியை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். கட்டாயம் போக வேண்டியிருந்தது, நான் முறைக்கு அண்ணன். கால் இரண்டும் கட்டித் தூக்கிவைத்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு, “அண்ணே, ஒங்ககிட்ட ஒன்ன மறச்சிட்டோம். மன்னிச்சிருங்கண்ணே” என்றாள்.

அவள் சொன்னதை உள்ளபடியே சொல்கிறேன். இரண்டாவது முறையும் ஐந்து மாதத்தில் ரப்பர் கிழிந்தபோது மகேந்திரன் அந்தக் கிழிசலைக் கொண்டுபோய் ஜாகிரிடம் காட்டியிருக்கிறான். வண்டி தொங்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள் என்று ஜாகிர் சொல்லியிருக்கிறான். அண்ணனுக்கு முதுகு முடியவில்லை, தரையில் படுத்தால் எழ முடிவதில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார் என்று மகேந்திரன் அவனுக்கு விளக்கியிருக்கிறான். எனவே ஒரு ஏற்பாடு. வண்டியை எப்போதும்போல என்னிடமே கொண்டுவருவது. நான் முடித்துக் கொடுத்ததும் நேரே ஈப்போவுக்கு ஓட்டிப் போய், ஜாகிர் தரையில் படுத்து அந்த நான்கு போல்ட்டையும் தளர்த்தி மறுபடியும் இறுக்கிக் கொடுப்பது. எனக்குத் தெரியாமல்.

“கோடுகூட மஞ்சள்லயே போடணும்னு இவரு பேனா வாங்கிட்டுப் போனாருண்ணே. அது காஞ்சி போயிருந்துச்சாம். ஜாகிரு அவரோட வெள்ளயில போட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம மண்ணு மூடிரும், அண்ணே எங்க பாக்கப்போறாருன்னு இவரு சொன்னாரு.”

நான் அடுத்த பழத்தை உரித்தேன்.

“இந்தத் தடவயும் சனிக்கெழமயே ஈப்போவுக்குப் போறதாத்தாண்ணே இருந்தோம். வீட்டுக்கு வந்து சிரிக்கிறாரு. ஜாகிர்கிட்ட போக வேணாம் சாந்தினி, அண்ணே இன்னிக்கித் தரையில படுத்து இறுக்குனாரு, என் கண்ணால பாத்தேன்னு சொல்றாரு. அவ்ளோ சந்தோஷம். அப்பறம் எப்படிண்ணே அந்த ஜாகிரு உள்ள கைவச்சான்?”

தெரியவில்லை என்று சொன்னேன். தூங்கு என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை புவான். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், அந்த மயக்கத்தில் எதை எதோடோ சேர்த்துப் பேசினாள். புருஷனை இழந்தவள் அவன் செய்ததற்கெல்லாம் ஒரு நல்ல காரணம் தேடிக்கொள்வது இயல்பு. என் முதுகுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் செய்தது துரோகம். அதைப் பரிவு என்று அழைத்தால் அது பரிவாகிவிடாது. என்மேல் அவ்வளவு அன்பு இருந்திருந்தால் என் முகத்துக்கு நேரே, “அண்ணே, ஒங்களால முடியல” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்கிறீர்கள். அவன் சொல்லவில்லையே, பிறகு அதை எப்படிச் சொல்வது.

இப்போது முதல் பக்கத்தை முடித்துவிடுவோம். ஒரு சத்தம் வரட்டும் என்றுதான் அந்த நட்டை விட்டேன் என்று எனக்கு நானே மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை டொக் டொக் என்று சத்தத்தோடு அவன் திரும்பி வருவான், நான் டார்ச் அடித்து அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டுவேன், பார், உன் ஜாகிரின் வேலை என்பேன், அவன் தலைகுனிந்து நிற்பான். அப்படி ஒரு காட்சியை நான் பலமுறை பார்த்துக்கொண்டேன். அதில் அவன் அழுவதுகூட உண்டு. ஆனால் நீங்கள் எழுதப்போவது சரியாக இருக்க வேண்டும். சத்தம் மட்டும் வேண்டுமென்றால் பின்னைப் போட்டிருப்பேன். பின் இருந்தால் நட் ஆடுமே தவிரக் கழலாது. பின் இல்லாத நட், உயர்த்திய வண்டியில், மலைச்சாலை ஏறி இறங்கினால் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்ல எனக்குக் கணக்குத் தேவையில்லை. ஏறும்போது எடை பின்னால் போகும். இறங்கும்போது முன்னால் வரும். மறுநாள் அவன் எங்கே போகிறான் என்பது தெரிந்த பிறகும் அரை மணி நேரம் அந்த வண்டி என் பட்டறையில் நின்றது. அவன் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான், இருவரும் குடித்தோம். பின் என் பையில் இருந்தது.

இதோ, அந்தப் பின். காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். புதியது, மடக்கப்படாதது. மடக்கியிருந்தால் வளைவு இருக்கும். உங்கள் பொறியாளருக்கு இதைக் காட்டினால் அவரே சொல்வார்.

மன்னிக்க வேண்டும். கை தவறிக் கீழே விழுந்துவிட்டது. உங்கள் மேசைக்கு அடியில், அந்தக் காலுக்குப் பக்கத்தில். நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா? நான் எடுத்துவிடுவேன், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் இன்றைக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. இன்றைக்கு மட்டும்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். நட்டை இறுக்காமல் விட்டது நான். பின்னை எடுத்தது நான். வெள்ளைக் கோடு போட்டது நான். பேனா என் பட்டறையில் மேல்தட்டில் இருக்கிறது. ஜாகிருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவனை விட்டுவிடுங்கள், அவன் பட்டறையைத் திறக்கட்டும். எத்தனை வருடம் என்றாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் இரண்டாம் பக்கம். ‘கீழ்க்கைகளின் நான்கு போல்ட்டுகளும் வண்டி தூக்கப்பட்ட நிலையில் இறுக்கப்பட்டுள்ளன, ரப்பர்கள் முறுக்கேறிய நிலையில் உள்ளன, இது பொருத்தியவரின் பிழை’ என்று இருக்கிறது பாருங்கள். அந்த மூன்று வரியை அடித்துவிடுங்கள். அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும், எல்லாப் போமனும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எந்த வண்டியையும் நான் தொங்கவிட்டு இறுக்கியதில்லை. அந்தச் சனிக்கிழமையும் தரையில் படுத்துத்தான் இறுக்கினேன்.

சந்தேகமாக இருந்தால், மகேந்திரன் சாட்சி. தன் கண்ணால் பார்த்ததாக அவனே சொல்லியிருக்கிறான்.